டேனியல் வரைந்த தாத்தா

ராயபுரத்தில் சலூனோ டீக்கடையோ, சுவரில் பழைய மெட்ராஸ் படம் ஒன்று தொங்கினால் போதும், அதன் கீழே இவர் முளைத்துவிடுவார். வயது அறுபதுக்கு மேல். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி இருக்கும்; போடமாட்டார். போட்டால் தாத்தா தெரியமாட்டாராம்.

படம் தாமஸ் டேனியல் வரைந்தது. 1792-இல் மெட்ராஸ் வந்தவர்; 1797-இல் லண்டனில் அச்சிட்டார். தென்கிழக்கிலிருந்து பார்த்த புனித ஜார்ஜ் கோட்டை. தூரத்தில் மதில், முன்னால் சீறும் அலை, அலைமேல் படகு. அப்போது துறைமுகம் ஏது? கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும். கவர்னரானாலும் கம்பளி மூட்டையானாலும் கரையேற மசூலாப் படகுதான் கதி. ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த பலகை. அலை அறைந்தால் நெளியும், உடையாது. ஊரின் நாற்சந்தியே அந்த அலைவாய்தான்.

நம்மவர் கோட்டைக்கு அரை நொடி தருவார். "அது கோட்ட. கெடக்குது." பிறகு விரல் ஒரு துடுப்புக்காரர்மேல் இறங்கும். தீக்குச்சித் தலையளவு ஆள். "இவுருதான் எங்க தாத்தா. துடுப்பப் புடிச்சிருக்கற தோரணயப் பாரு நைனா. எங்கப்பா சோத்துக் கரண்டிய இப்டித்தான் புடிப்பாரு."

ஆண்டுக்கணக்கு உதைக்கிறதே என்றால், "தாத்தாவுக்குத் தாத்தான்னு வெச்சுக்கயேன்."

பாரம்பரிய நடைக்கு ஆட்களை அழைத்து வந்த ஒரு பெண் பொறுமையாக விளக்கினார்: டேனியல் இருட்டுப் பெட்டிக்குள் விழும் பிம்பத்தைப் பார்த்துக் கோடு போடுவார், அதனால் அளவு பிசகாது. இவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினியா? பொட்டி பொய் சொல்லுமா?" அன்றுமுதல் தாத்தாவுக்கு அறிவியல் ஆதாரமும் உண்டு.

ஆனால் ஒன்று, கடற்கரையைப் படிப்பதில் இவரை அடிக்க ஆளில்லை. படத்தில் கோட்டைக்கும் கடலுக்கும் இடையே எவ்வளவு குறைவாக மணல் இருக்கிறது என்று காட்டுவார். துறைமுகம் கட்டியபின், வடக்கே போய்க்கொண்டிருந்த மணலைச் சுவர் மறித்தது; தெற்கே மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கடல் அரித்தது, பாறாங்கல் கொட்டினார்கள். "மெரினாவுல குந்திக்கினு சுண்டல் துன்றாங்களே, அந்த மணலு எங்க வூட்டுது." இதற்கு நடைக்காரர்களிடம் பதில் இல்லை.

வம்பு காசிமேட்டிலிருந்து வந்தது. இன்னொரு பெரியவர், அதே துடுப்பு, அதே தாத்தா. கத்தல் எகிறியதும் சலூன்காரர் கத்தியை மடக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: துடுப்பு இவருக்கு, பின்னால் நின்று படகைத் திருப்புகிறாரே தண்டல், அவர் காசிமேட்டுக்கு. வந்தவர் கைகுலுக்கிப் போய்விட்டார். இவர் மட்டும் நெடுநேரம் படத்தையே பார்த்தார்.

"ஏம்பா, தண்டலுக்குத்தான கூலி ஜாஸ்தி? அத்த எதுக்கு அவன்கிட்டக் குடுத்த?"