குறிஞ்சியில் ஒரு மருத வண்டி: மலைத்தோட்டத்துக்குப் பழைய மினி டிராக்டர் கொள்ளுதல் பற்றிய ஆராய்ச்சி

ஒரு நிலத்துக்குரிய பொருள் இன்னொரு நிலத்தில் வந்து நிற்பதைத் திணைமயக்கம் என்று தமிழ் இலக்கண மரபு குறிப்பிடும். இம்மயக்கம் பெரும்பாலும் பூவையும் புள்ளையும் வைத்தே பேசப்பட்டுவந்ததால், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேற்றில் பத்துப் போகம் உழுது களைத்த மினி டிராக்டர் ஒன்று லாரியேறி நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டமொன்றின் வாசலில் வந்து இறங்கும் நிகழ்வு இன்றளவும் வகைப்படுத்தப்படாமல் கிடக்கிறது. உழவு மருதத்தின் தொழிலாதலின் டிராக்டர் மருதத்தின் கருப்பொருள் என்பதிலும், அது குறிஞ்சிக்கு வருவது மயக்கம் என்பதிலும் ஐயமில்லை. அம்மயக்கம் வண்டிக்கா, அதை வாங்கியவருக்கா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மினி டிராக்டர் என்பது பேச்சுவழக்கில் ஏறக்குறைய 30 குதிரைத்திறனுக்கு உட்பட்ட வண்டியைக் குறிக்கும். 15 குதிரைத்திறனும் ஒரே சிலிண்டரும் கொண்ட மகிந்திரா யுவராஜும், 24 குதிரைத்திறனும் மூன்று சிலிண்டரும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட சிறிய குபோட்டாவும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுவதால், ‘மினி’ என்ற சொல் வண்டியின் உருவத்தைச் சொல்லுமேயன்றி அதன் குணத்தைச் சொல்லாது. குதிரைத்திறன் என்ற அளவையும் மலையில் முழுமையாக நம்பத்தக்கதன்று. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத டீசல் இன்ஜின் தான் உறிஞ்சும் காற்றின் அளவுக்கே எரிக்க முடியுமாதலால், 24 குதிரைகளோடு புறப்படும் வண்டியில் நான்கைந்து குதிரைகள் மலைப்பாதையிலேயே இறங்கிக்கொள்கின்றன என்று கொள்ளலாம். சமவெளியில் சுத்தமாக ஓடிய வண்டி மலையில் கரும்புகை கக்குவதும் இதே காரணத்தால்தான்: டீசல் குறையவில்லை, காற்றுதான் குறைந்தது. ஆகவே மலைக்குப் போகும் வண்டியின் புகையைச் சமவெளியில் நின்று படித்துத் தீர்ப்புச் சொல்வது, மணமகனை மாமியார் வீட்டில் வைத்து மட்டும் மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

பழைய டிராக்டர்ச் சந்தையின் சோதனைகள் அனைத்தும் ‘வண்டி இழுக்குமா’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்திருப்பதும், மலை கேட்பதோ ‘வண்டி நிற்குமா’ என்ற வேறொரு கேள்வியாக இருப்பதும் இத்துறையின் அடிப்படை முரண்பாடு ஆகும். இழுக்காத வண்டி மேட்டில் நின்றுவிடும்; அதனால் உடையவருக்கு நேர்வது பணநட்டமும் பக்கத்துத் தோட்டக்காரரின் அறிவுரையும் மட்டுமே. நிற்காத வண்டி எங்கே போய் நிற்கும் என்பதைப் பள்ளத்தாக்கு தீர்மானிக்கும்.

மாடு பிடிப்பதில் தமிழருக்கு நெடிய சாத்திரம் உண்டு. பல்லைப் பிளந்து வயதைப் பார்ப்பார்கள், உடம்பில் இருக்கும் சுழிகளைத் தடவி அதிர்ஷ்டத்தைப் பார்ப்பார்கள். டிராக்டருக்குப் பல் எது என்ற வினாவுக்குப் பலரும் ஹவர் மீட்டரைக் காட்டுவது பிழையாகும். இன்ஜின் ஓடிய மணிநேரத்தை எண்ணும் அக்கருவி, பல பழைய வண்டிகளில் இன்ஜினின் சுற்றை வைத்தே எண்ணுவதால், குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால் மட்டுமே ஒரு மணியை ஒரு மணியாகக் கொள்ளும். மெதுவாக ஓடிய மணிகள் அதன் கணக்கில் குறுகிவிடும், கேபிளைக் கழற்றிவிட்டு ஓடிய மணிகளோ ஏறவே ஏறா. உண்மையான பல் டயரின் பக்கச்சுவரில் இருக்கிறது. அங்கே அச்சிடப்பட்ட நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றிருந்தால் அந்த டயர் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. 2012-இல் பதிவான வண்டி 800 மணியே ஓடியதாக மீட்டர் சொல்லும்போது, அதன் பின்டயர்கள் இரண்டும் 2021-இல் பிறந்தவையாகவும் அவற்றின் பட்டன்களும் பாதி தேய்ந்தவையாகவும் இருந்தால், முந்தைய டயர்கள் எதனால் முடிந்தன என்ற கேள்வி எழாமல் இராது. கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகி இரும்பு பளபளப்பதைச் சுழிகளுள் தலையாய தீச்சுழி என்க.

விற்பவர் கூறும் தொடர்கள் தனியே உரை எழுதத் தகுந்தவை. ‘வண்டியில் ஒரு வேலையும் இல்லை’ என்பது இரட்டுற மொழிதல். பழுது பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்பது ஒரு பொருள், வண்டிக்கு வெகுநாளாக வேலையே கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது பொருளே மெய்யாயின் டீசல் டாங்கியின் அடியில் துருவும் தண்ணீரும் தேங்கியிருக்கக் கூடும். ‘சொந்த உழவுக்கு மட்டும் ஓட்டியது’ என்பதில் ‘சொந்த’ என்ற சொல் சொந்தக்காரர்கள் அனைவரையும் தழுவி நிற்கும். ‘கம்பெனி பெயிண்ட்’ என்பதற்குப் பாடபேதம் உண்டு. போல்ட்டுத் தலைகளின் மீதும் ரப்பர்க் குழாய்களின் மீதும் வண்ணம் படர்ந்திருந்தால், அது எந்தக் கம்பெனி என்று கேட்பது நாகரிகமன்று. ‘பேட்டரி மட்டும் மாற்றினால் போதும்’ என்பதில் உள்ள ‘மட்டும்’ வரையறைப் பொருளில் வராது, தொடக்கப் பொருளில் வரும். ‘நீங்கள் கேட்பதால் கொடுக்கிறேன்’ என்பதற்குப் பொருளே இல்லை, அது அசைநிலை.

சொல்லைவிட வண்டி நிற்கும் இடம் நம்பத்தக்க சான்றாகும். மலையூரில் விற்பனைக்கு நிற்கும் டிராக்டர் இறக்கத்தை நோக்கி மூக்கை நீட்டி நிற்குமானால், அது செல்ஃப் எடுக்காத வண்டி என்றும், பிரேக்கை விட்டு உருட்டி கியரில் விழவைத்தே நாளும் எழுப்பப்படுகிறது என்றும் ஊகிக்கலாம். சமவெளியில் இந்நோயை நான்கு பேர் தள்ளித்தான் தீர்க்க வேண்டும். மலையிலோ ஊரே சாய்வாக இருப்பதால் நோய் வெளியே தெரிவதில்லை. வாங்கச் செல்பவர் சொல்லாமல் விடியற்காலையில் போய், இன்ஜினின் மேல் கைவைத்துப் பார்த்து, அது குளிர்ந்திருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேச வேண்டும். முன்பே சூடேற்றி வைக்கப்பட்ட இன்ஜின் ஒத்திகை பார்த்த சாட்சி ஆகும்.

சாய்வை அளப்பதில் இரண்டு முறைகள் வழங்குவதால் குழப்பம் மிகுதி. 100 விழுக்காட்டுச் சரிவு என்றால் செங்குத்து என்று கருதுவோர் பலர். அது 45 பாகை மட்டுமே, அதாவது கிடைமட்டமாக நூறு அடி நகர்ந்தால் நூறு அடி ஏறும் சரிவு. மண் காப்பு நூல்கள் படிக்கட்டு வயல் வெட்டுவதற்கு ஏற்ற சரிவின் மேலெல்லையாகச் சொல்லும் 33 விழுக்காடு சுமார் 18 பாகை ஆகும். இப்போது இருபக்கச் சக்கரங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் அகலமும், பின்னே மாட்டும் உழவுக்கருவியான ரொட்டவேட்டரைத் தூக்கிய நிலையில் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் எடைமையமும் உள்ள ஒரு வண்டியைக் கற்பனை செய்யலாம். எடைமையம் என்பது வண்டியின் எடை முழுவதும் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி. அதிலிருந்து விழும் நேர்கோடு கீழ்ச்சக்கரத்தைத் தாண்டி வெளியே போனால் வண்டி கவிழும். அரை அகலம் 45, உயரம் 75 என்று கணக்கிட்டால் இவ்வண்டி அசையாமல் நின்றபடியே கவிழும் கோணம் சுமார் 31 பாகை. 18 பாகைச் சரிவில் குறுக்காகப் போகையில் மேல்சக்கரம் 10 சென்டிமீட்டர் கல்லின் மேல் ஏறி, அதே நொடியில் கீழ்ச்சக்கரம் 10 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால் சாய்வில் இன்னும் 13 பாகை கூடும். 18-உம் 13-உம் 31. கணக்கு மிகச் சரியாக விளிம்பில் நிற்கும், வண்டி நிற்காது. இதில் வேகமும் திருப்பமும் சேர்க்கப்படவில்லை. முன்அச்சு நடுவில் ஓர் ஊசியில் ஆடுவதால், ஆடும் எல்லையைத் தொடும் வரை, நான்கு சக்கர வண்டி உண்மையில் முக்காலியாகவே நடந்துகொள்ளும் என்பதும் சேர்க்கப்படவில்லை.

இக்கணக்கை மாற்றும் வழிகள் வண்டியிலேயே உண்டு. பின்சக்கரத் தட்டைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் அகலம் கூடும். பின்டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடைமையம் கீழே இறங்கும். முந்தைய உடைமையாளர் பழத்தோட்ட வரிசைகளுக்குள் நுழைவதற்காகச் சக்கரங்களை உள்ளே ஒடுக்கி வைத்திருந்தால், திருப்பிப் பூட்டும் போல்ட்டுகள் துருவேறி இறுகாமல் கழல்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். மழை மிகுந்த நீலகிரியில் படிக்கட்டு வயல்களை மலைப்பக்கமாக உட்சாய்வாக வெட்டுவது மண் அரிப்பைத் தடுப்பதற்காகத்தான் என்றாலும், அவ்வயல்களில் டிராக்டரும் பள்ளத்தை விட்டு மலையின் மேல் சாய்ந்துகொள்வதால், வயல் வெட்டியவரின் முன்யோசனைக்கு டிராக்டர்க்காரர்கள் பட்டிருக்கும் கடன் இன்னும் யாராலும் பாடப்படவில்லை.

இனி நிறுத்தம். பெரும்பாலான மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. இடத்துக்கு ஒரு மிதி, வலத்துக்கு ஒரு மிதி, இரண்டையும் இணைக்க ஒரு கொண்டி. சமவெளி உழவர் வரப்போரத்தில் சட்டென்று திரும்புவதற்காகக் கொண்டியைக் கழற்றிவிட்டு ஒரு பக்க மிதியையே ஆயிரம் முறை மிதித்திருப்பார். அந்தப் பக்கம் தேய்ந்திருக்கும். அதே வண்டி மலையிறக்கத்தில் கொண்டி போட்ட நிலையில் இரண்டு மிதிகளையும் ஒருசேர வாங்கும்போது, ஒரு சக்கரம் பிடிக்க மற்றொன்று உருள, வண்டி தேயாத பக்கமாகத் தலையைத் திருப்பும். அந்தப் பக்கத்தில் தோட்டம் இருக்குமா, பள்ளம் இருக்குமா என்பது முந்தைய உழவர் எந்த மிதியை மிதித்து வரப்போரத்தில் திரும்பினார் என்பதைப் பொறுத்தது. மேலும், இறக்கத்தில் எடை முன்னே சாய்வதால் பிரேக் உள்ள பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன்சக்கரங்களும் பல்சக்கரங்கள் வழியே பின்னவற்றோடு பிணைக்கப்பட்டு நிறுத்தத்தில் பங்கேற்கும். ஆகவே மலைக்காரருக்கு நான்கு சக்கர இழுவை ஏறுவதற்கான வசதி என்பதைவிட இறங்குவதற்கான பிரேக் என்பதே பொருந்தும். அது வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, கியரும் நான்கு சக்கர லீவரும் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றினால் லீவர் அலங்காரப் பொருள்.

சேற்றுழவு செய்த வண்டிக்குத் தனியே ஒரு நோய் உண்டு. கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி நடவு வயலில் அச்சு மூழ்க நின்ற வண்டியின் ஆயில் சீல்கள் வழியே நீர் புகும். கியர்ப்பெட்டியின் அளவுகோலை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால்விட்ட காப்பியைப் போலிருந்தால் அவ்வண்டி காவிரியை இன்னும் மறக்கவில்லை என்க. ஹைட்ராலிக் கைகளில் கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, விற்பவர் கொடுக்கும் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை அது தூக்கிய இடத்திலேயே நிற்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். தேநீர் கொடுக்காத விற்பனையாளர் இதனை அறிந்தவர்.

வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்க இருக்கைக்குப் பின்னே நிற்கும் இரும்பு வளைவுக்கு உருள்காப்புச் சட்டம் என்று பெயர். சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. இங்கே பழைய வண்டிகளில் அதன் இடத்தில் பட்டறையில் வெல்டிங் செய்த டாப் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வெயில் மேலேயிருந்து வருவது போலவே, மலைச்சரிவில் சிலசமயம் தரையும் மேலேயிருந்து வரும் என்ற எண்ணம் அதை வடித்தவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உண்மையான வளைவு இருந்தால் இருக்கைப் பட்டையும் இருக்க வேண்டும். வளைவை நிமிர்த்திய நிலையில் பட்டையை அணிய வேண்டும், மடக்கியிருந்தால் அணியக் கூடாது.

ஆவணங்களைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் தட்டப்பட்ட எண்களோடு பொருந்த வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். கடனில் எடுத்த வண்டியாயின் படிவம் 35-உம் கடன் கொடுத்தவரின் கடிதமும் வேண்டும்.

விலை முடிக்கும் இடத்தில் சாத்திரம் முடிகிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய மரபு டிராக்டருக்கு வராமல் போனது இழப்பே, ஏனெனில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட விலை அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிடும். கேத்தியில் வண்டி இறங்கிய பத்தாம் நிமிடத்தில் ஒருவர் வந்து, அதைச் சுற்றி நடந்து, பின்டயரை ஒருமுறை காலால் உதைத்து, விலையைக் கேட்டு, இதைவிட நல்ல வண்டி இதைவிடக் குறைந்த விலைக்குப் போன மாதம்தான் குன்னூரில் போனது என்பார். அவ்வண்டியை வாங்கியவர் யார் என்பதும், அவரிடமும் இதே சொற்களை யாரேனும் சொன்னார்களா என்பதும் தனியே ஆராயத்தக்கவை.