சைரன் அடித்த பிறகு

ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்தே சம்பாதிக்கிறார்கள். ஷிஃப்ட் முழுக்க லைனில் நிற்கும் எங்களுக்கு? (வாசகர், ஒரகடம்)

உட்காருங்கள், அது சலுகை அல்ல! நின்றே வேலை செய்பவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு அப்போதே சொல்லிவிட்டது.

சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான். கேன்டீன் வரிசை நகர்வதற்குள் சைரன் அடித்துவிடுகிறதே? (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

இந்தப் பசிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களின் பெருங்குறைகளில் ஒன்று, உணவு இடைவேளை போதவில்லை என்பது. அப்படிச் சேர்ந்த குறைகள்தாம் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டன. தலைவர் பி.பி.வாடியா, துணைநின்றவர்களில் திரு.வி.க.வும் ஒருவர். இந்தியத் தொழிற்சங்க வரலாறே அந்தச் சாப்பாட்டு மணியோடு சேர்த்துத்தான் எழுதப்படுகிறது. நல்ல ஆரம்பம் அது! சரி, உங்கள் கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதி யார்? தெரியாவிட்டால் நாளைக்கே விசாரியுங்கள்.

ஓவர்டைம் பார்த்தால் இரட்டைச் சம்பளமாமே? (வாசகர், ஓசூர்)

சம்பளம்தான் இரட்டை, உடம்பு ஒற்றை. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தது.