காரில்லாதான் பேஸ்பால் காணும் முறைமை: ஒரு விசாரணை

பல்லி விழும் பலனுக்குக்கூடத் தனிச் சாஸ்திரம் வகுத்துவைத்த இவ்வுலகத்தில், அமெரிக்க நகரமொன்றுக்குச் சொந்த வாகனமின்றிப் போய், பேஸ்பால் ஆட்டமொன்றைக் கடைசிப் பந்துவரை பார்த்துவிட்டு, அன்றிரவே தங்குமிடம் திரும்ப விழையும் மனிதனுடைய தர்மசங்கடங்களைப் பற்றிக் கல்விமான்கள் போதிய சிரத்தை காட்டவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்விசாரணையின் பிரயோஜனம்.

முதற்கண் அதிகாரி இலக்கணம். காரில்லாதான் மூவகைப்படுவான்: கார் வாங்க வகையற்றவன், வாங்கியும் ஓட்ட அறியாதவன், வாங்கி, ஓட்டவும் அறிந்து, ஆட்ட நாளில் மைதானத்தருகே வண்டி நிறுத்தக் கேட்கும் தொகையைக் காதால் கேட்ட மாத்திரத்தில் அதை வீட்டிலேயே விட்டுவந்தவன். இவருள் மூன்றாமவனே உத்தமன். எனினும் ரயிலேறியபின் மூவருக்கும் பேதமில்லை.

அடுத்து, மைதானத்தின் ஜாதகம் பார்க்கவேண்டும். பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க் 1912-லும், சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914-லும் பிறந்தவை. ஜனங்கள் டிராமிலும் ரயிலிலும் வந்திறங்கிய யுகத்தில் ஜனித்தமையால் இன்றும் அவை நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நிற்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியமோ 1962-இல், கார் சக்கரவர்த்தியாக வீற்றிருந்த காலத்தில், குன்றின்மீது அவதரித்தது. சுற்றிலும் ஏறத்தாழ 16,000 கார்கள் நிற்க இடம் விட்டவர்கள், ரயில் வந்து நிற்க ஓரிடமும் விடவில்லை. அங்கே காரில்லாதானுக்குப் புகலிடம், ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் யூனியன் ஸ்டேஷனிலிருந்து இலவசமாக ஏற்றிச்செல்லும் பஸ். ‘நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம் 2009-இல் பிறந்தும் ரயிலடியிலேயே இருக்கிறதே, உமது விதி பொய்த்ததன்றோ?’ என்பது பூர்வபட்சம். பொய்க்கவில்லை; 1923-இல் எழுந்த பழைய ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே புதியதைக் கட்டியமையால், 161-ஆம் தெரு நிலையம் அதற்குப் பிதிரார்ஜிதமாக வந்த சொத்து.

ரயிலுக்கும் ரிக்லி ஃபீல்டுக்கும் உள்ள பாந்தவ்யம் தனியே விதந்தோதற்குரியது. 1937-இல் அங்கெழுந்த, இன்றும் ஆட்கள் உள்ளிருந்து கையால் எண்களை மாற்றும் பலகையின் உச்சிக் கம்பத்தில், ஆட்டம் முடிந்ததும் ஒரு கொடி ஏறும். வெள்ளைத் துணியில் நீல எழுத்தாயின் அம்மைதானத்துக்குரிய கப்ஸ் அணிக்கு ஜயம். நீலத்தில் வெள்ளையாயின் அபஜயம். தூண்களின்மேல் ஓடும் ரயிலில் வேலைமுடிந்து வீடு திரும்புவோர், ஜன்னலோரம் கழுத்தை நீட்டி அன்றைய முடிவை அறியும்பொருட்டே இவ்வழக்கம் தோன்றிற்று என்பர். டிக்கெட் வாங்காத பிரயாணிக்கும் சமாசாரம் சொல்லியனுப்பும் இத்தகைய தாட்சண்யத்தைக் கார் நிறுத்துமிடங்களில் யாரும் கண்டதில்லை.

இனிக் கால நிர்ணயம். சமநிலையில் நிற்கும் பேஸ்பால் ஆட்டத்துக்கு முடிவில்லை. கடைசி ரயிலுக்கோ உண்டு. 1984 மே மாதத்தில் சிகாகோவில் ஒயிட் சாக்ஸ் அணியும் மில்வாக்கி அணியும் தொடங்கிய ஆட்டம், நள்ளிரவு தாண்டி நிறுத்தப்பெற்று, மறுநாள் தொடர்ந்து, 25 இன்னிங்ஸும் 8 மணி 6 நிமிஷமும் கடந்தபின்னரே ஓய்ந்தது. 2023 முதல் பந்தெறிபவன் தலைக்குமேல் கடிகாரம் வைத்து, ஓட்டக்காரர் எவருமில்லாதபோது 15 விநாடிக்குள் எறியவேண்டுமென விதித்தமையால், சராசரி ஆட்டம் 2 மணி 40 நிமிஷத்துக்குச் சுருங்கிற்று. காரில்லாதாரை நினையாமலே அவர்களுக்குச் செய்த பேருபகாரம் இது. இரவு முழுதும் வண்டி ஓடும் நியூயார்க்கிலும், சிகாகோவின் ரெட் லைன் ரயிலிலும் கடைசி வண்டியைப் பற்றிய கவலை இல்லை.

மூட்டை விஷயமும் சாமானியமன்று. கார் உள்ளவன் டிக்கியில் எறிந்துவிட்டு வருவதை, இல்லாதவன் தோளில் சுமந்து வருகிறான். பல மைதானங்களின் வாயிலில் 16 அங்குல நீளமும் 16 அங்குல உயரமும் 8 அங்குல அகலமும் மீறிய பைக்கு அனுமதியில்லை. ஆகவே முதலில் ஹோட்டல், பிறகு ஆட்டம் என்ற கிரமத்தை மாற்றலாகாது. மாற்றினால், ஆட்டம் உள்ளேயும் ஆசாமி வெளியேயும் இருக்க நேரிடும்.

முடிவாகச் சித்தாந்தம். அணியின்மேல் பக்தி பிறப்பாலும் வளர்ப்பாலும் வருவதென்பர். சிகாகோவின் ரெட் லைனில் வடக்கே போனால் அடிசன் நிலையம், கப்ஸ். தெற்கே போனால் 35-ஆம் தெரு நிலையம், ஒயிட் சாக்ஸ். பெரும்பாலான நாட்களில் ஓரணி ஊரிலிருக்க மற்றது வெளியூர் போயிருக்குமாதலால், காரில்லாதான் இன்று வடக்கேயும் அடுத்த வாரம் தெற்கேயும் சென்று, இரு இடத்திலும் தொண்டை வறளக் கோஷமிடுதல் கூடும். பரம்பரை ரசிகர்கள் இதைத் துரோகமென்று தூற்றுவார்கள். ஆயினும், எத்திசையில் ஏறினாலும் ரெட் லைனில் கட்டணம் ஒன்றே. ரயில் கொள்ளாத பாரபட்சத்தைப் பிரயாணி கொள்ளவேண்டுமென்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் பிரமாணமில்லை.