வாக்கியங்களுக்கு நிரந்தர எண் வழங்குதல்: ராயபுரத்திலிருந்து ஒரு கள ஆய்வு

இவ்வாய்வு பிறந்த இடம் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸ். நேரம் மாலை ஐந்தேகால். ஒப்பந்த வரைவு ஒன்றை மேனேஜர் எண்ணூரிலிருந்து போனில் திருத்திக்கொண்டிருந்தார். "நாலாம் பக்கம், மேலேர்ந்து ஆறாவது வரிய எடுத்துடுபா." எடுத்தேன். அவர் லேப்டாப்பில் எழுத்துரு வேறு. அவருடைய ஆறாவது வரி என் திரையில் எட்டாவது. நான் எடுத்தது டெமரேஜை (தாமதக் கட்டணத்தை) யார் கட்டுவது என்று சொல்லும் வாக்கியம்.

ஆகவே கருதுகோள் வருமாறு: வேர்டு கோப்பில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறந்தவுடன் ஓர் எண் தர வேண்டும். சாகும்வரை அது மாறக் கூடாது. செத்தபின் இன்னொன்றுக்குப் போகவும் கூடாது.

இப்போதுள்ள பக்க எண், வரி எண், தானாக விழும் பத்தி எண் எல்லாம் எண்களே அல்ல, ரேஷன் கடை வரிசை. "நான் அப்பவே கல்லு வெச்சிட்டுப் போனேன்" என்று ஒரு அக்கா முன்னால் வந்து நின்றால் ஏழாவது ஆள் எட்டாவது ஆளாகிவிடுவார். வேர்டு உள்ளுக்குள் பத்திகளுக்கு ஓர் அடையாளக் குறி வைத்திருக்கிறது; நம் கண்ணில் காட்டுவதில்லை. வாக்கியத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

சென்னை மாநகரம் இச்சிக்கலைத் தெருவில் தீர்த்துப் பார்த்தது. விளைவு, ஒவ்வொரு முகவரியிலும் பு.எண், ப.எண். எங்கள் தெருவில் புதிய 14 வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பழைய 14 வீட்டம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தனுப்புவார். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் (1968-இல் மவுஸை உலகுக்குக் காட்டியவர்) தம் கணினி அமைப்பிலும் ஒவ்வொரு கூற்றுக்கும் இடத்தோடு மாறும் எண் ஒன்று, மாறாத எண் ஒன்று என இரண்டு வைத்தார். பு.எண், ப.எண்ணேதான். அவர் ராயபுரம் வந்ததற்குச் சான்றில்லை.

சரியான முன்மாதிரி எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்மேல் மணிக்கணக்காக நிற்கிறது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. பெட்டி எதுவானாலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்த மீதியிலிருந்து வருவது. ஒன்றை ஏழென்று படித்தால் பெரும்பாலும் கணக்கு உதைத்துவிடும். அந்த எண், பெட்டி எங்கே நிற்கிறது என்றோ உள்ளே வெங்காயமா வெங்கல விளக்கா என்றோ மூச்சு விடாது. அதனால்தான் எங்கே போனாலும் செல்லுகிறது. இடத்தைச் சொல்லும் எண் இடம் மாறியதும் பொய்யாகிவிடும். இதுவே இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு.

அரசியலமைப்புச் சட்டமும் இதை அறியும். சொத்துரிமை பற்றிய 31-ஆவது பிரிவை 1978-இல் 44-ஆவது திருத்தம் நீக்கியது. யாரும் 32-ஐ 31 ஆக்கவில்லை. கல்வியுரிமை 2002-இல் வந்தபோது 21-க்கும் 22-க்கும் நடுவே 21-ஏ என்று ஒண்டிக்கொண்டது. காலி மனை காலி மனையாகவே கிடக்கட்டும், பட்டா மாறக் கூடாது.

எதிர்வாதங்கள் உண்டு. புள்ளியும் இடைவெளியும் கண்டால் வாக்கியம் முடிந்தது என்று நம்பும் நிரலிடம் எம். ஜி. ஆர். நகரைக் கொடுத்தால், நகருக்குள் நுழையுமுன் மூன்று எண் தீர்ந்துவிடும். திருத்தி எழுதிய வாக்கியம் பழையதா, புதியதா என்பது அதைவிடக் கடினம். காசிமேட்டில் கேட்டேன். பலகை மாற்றி, இன்ஜின் மாற்றி, பெயின்ட்டும் மாற்றிய போட்டின் பக்கவாட்டில் அதே பதிவெண்ணை ஒருவர் பிரஷ்ஷால் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். "போட்டு அதேதானா அண்ணே?" என்றேன். "லோனு அதேதான்" என்றார். வாக்கியத்துக்கும் அப்படியே கொள்ளலாம்: அதன் கடன் எதுவரை தீரவில்லையோ அதுவரை அதே எண்.

சோதனையாக அடுத்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னாலும் கையால் எண் அடித்தேன். மேனேஜர் போனிலேயே "பதினேழ எடு" என்றார். சரியாக அதுவே போனது. மறுநாள் பிரின்ட் எடுத்து மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தவர் பதினாறுக்குக் கீழே நின்றார்.

"இன்னாபா, பதினேழக் காணோம்?"

"நேத்து நீங்கதான் சார் எடுக்கச் சொன்னீங்க."

"அதுக்கு? பதினெட்ட பதினேழாக்கி, கீழ எல்லாத்தையும் வரிசையா மாத்திக் குடு. பார்ட்டி பார்த்தா அசிங்கம்."

மாற்றிக் கொடுத்தேன்.