பர்ஸ் அனுமதித்தால்!

கே: அரசு மருத்துவமனைகளைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால், சிகிச்சையை நோயாளியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமே?
– வாசகர், கடலூர்

ப: தாராளமாக, பர்ஸ் அனுமதித்தால்! ஆனால் உங்கள் மாவட்டம் போனது எதிர்த்திசையில். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு எடுத்துக்கொண்டது. ஆள் மாறினாலும் பில் மாறவில்லை. மருத்துவப் படிப்புக்குத் தனியார் கல்லூரிக் கட்டணம்தான் தொடர்ந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021-இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு வந்தது. கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கிள்ளை மீனவருக்கும் காட்டுமன்னார்கோவிலில் நாற்று நடும் அம்மாவுக்கும் அதுதான் பலம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு தனியாரிடமும் போகலாம், நல்ல திட்டம். ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஜி.எச். ஓ.பி. சீட்டுதான் கை கொடுக்கும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கேயும் உண்டு. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன், “வேற வழி இருக்கா டாக்டர், இதுல என்ன ஆபத்து?” என்று தயங்காமல் கேளுங்கள். பதில் புரியும்வரை பேனாவை மூடியே வையுங்கள்.