பொறுமைக்கு ஒரு மின்சாதனம்
இத்தாலியின் தொஸ்கானாவில், இம்ப்ருனேத்தா ஊர்ச் சூளைக்காரர்கள் ஓடு வேகும் சூட்டிலேயே மாட்டிறைச்சியையும் வேகவைத்தார்கள். அந்தக் குழம்புக்கு பெப்போசோ என்று பெயர். உப்பு நீங்கலாகச் சேர்மானம் நான்கே: இறைச்சி, பூண்டு, கைகொள்ளும் மிளகு, சிவப்பு ஒயின்.

1971-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த கிராக்பாட் என்ற மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம், அந்தச் சூளையைச் சமையலறை மேடைக்குக் கொண்டுவந்தது. கெண்டைக்கால் போன்ற முரட்டுக் கறியின் கொலாஜன், எட்டு மணி நேர இளஞ்சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கறியை முதலில் வாணலியில் சிவக்க வறுத்தால்தான் ருசி. ஆகவே ‘ஒரே பாத்திரச் சமையல்’ இரண்டு பாத்திரங்களில் தொடங்குகிறது. மூடியைத் திறந்தால் சூடு இறங்கி, வேகும் நேரம் நீளும். எஞ்சிய மணி நேரங்களில் சமைப்பவரின் ஒரே கடமை சும்மா இருப்பது. பெரும்பாலோர் தவறுவதும் அங்கேதான்.