மாமாவின் கோட்டும் மவுண்ட்பேட்டனின் மகாயுத்தமும்

கட்டுகாஸ்தோட்டையில் என் தாய்மாமா வீட்டில் இரண்டு பொருட்களுக்குப் பூட்டு உண்டு. ஒன்று சீனி டின். மாமாவுக்கு நீரிழிவு என்பதால் அது அத்தையின் ஏற்பாடு. மற்றது அலுமாரிக்குள் தொங்கும் தோல் கோட்டு. அதை ‘ஜாக்கெட்’ என்றுதான் மாமா முதலில் சொல்லிவந்தார். நம்முடைய வீடுகளில் ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடுவது. “உங்க ஜாக்கெட்ட எடுத்துக் காயப்போடவா?” என்று அத்தை நாலு பேர் முன்னால் கேட்ட நாளிலிருந்து அது கோட்டாகிவிட்டது.

1944-இல் பேராதனைப் பூந்தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தாவுக்கு அமெரிக்க விமானி ஒருவன் கழற்றிக் கொடுத்தது என்பது குடும்ப வரலாறு. நான் சின்னப் பையனாக இருந்தபோது கொடுத்தவன் வெறும் சிப்பாய். எனக்கு மீசை அரும்பியபோது கப்டன். என் கல்யாணத்துக்குள் ஜெனரலாகிவிட்டான். இவ்வளவு வேகமான பதவி உயர்வு அமெரிக்கப் படையில் எவனுக்கும் கிடைத்திருக்காது.

தாத்தா பூந்தோட்டத்தில் மண் கொத்தியது உண்மை. வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து குந்தியதும் உண்மை. 1944 ஏப்ரலில் லூயிஸ் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து பேராதனையில் இறக்கினார். அதே ஏப்ரலில் ஜப்பான்காரன் இம்பாலையும் கோஹிமாவையும் சுற்றி வளைத்து நின்றான். சண்டை நடக்கும் இடத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேலே தள்ளி, மகாவலி வளைந்தோடும் கரையில், ஆர்க்கிட் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து பர்மாவை மீட்பது என்று முடிவாயிற்று. பிரபு தங்கியது கண்டி ராஜ மாளிகையில். படையின் சின்னம், தீயிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை. அன்றைய கண்டியில் எரிந்ததெல்லாம் அடுப்பு மட்டும்தான்.

அந்தப் படையின் ஆங்கிலப் பெயருக்குச் சுருக்கம் ‘சீயாக்’. இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று என்பதன் சுருக்கம்தான் அது என்று அமெரிக்கர்கள் நக்கலடித்தார்கள். அவர்களுடைய உளவுப் பிரிவும் இங்கேதான் கடை போட்டிருந்தது. அதில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆறடி இரண்டு அங்குல உயரப் பெண்தான், பிற்பாடு அமெரிக்காவுக்கே பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்த ஜூலியா சைல்ட். புருஷனைக்கூட இங்கேதான் சந்தித்தார். கண்டி யுத்தத்தின் உருப்படியான வெற்றி அதுதான் என்பேன்.

பிரபுவின் உடுப்புக்கு வருவோம். மனிதர் கடற்படைக்காரர். ஆனால் 1942-லேயே கௌரவ லெப்டினன்ட் ஜெனரல், கௌரவ எயர் மார்ஷல் என்று தரைக்கும் வானத்துக்கும் சேர்த்துப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். மூன்று படையின் உடுப்பையும் முறைப்படி போடக்கூடிய ஆள். ஊர்த் திருவிழாவில் ஒரே நடிகர் ராஜபார்ட், மந்திரி, தூதன் என்று மூன்று வேஷம் கட்டுவதைப் போல. போதாததற்கு, அவருடைய கப்பல் மூழ்கிய கதையை வைத்து நோயல் கவர்ட் 1942-இல் ஒரு படமே எடுத்து, தானே கப்டனாகவும் நடித்தார். அசல் உயிரோடிருக்கும்போதே நகல் திரைக்கு வந்துவிட்டது.

அவருக்குத் துணைத் தளபதி அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல். ‘வினிகர் ஜோ’ என்று பெயர், வாயைத் திறந்தால் அவ்வளவு புளிப்பு. 1944 ஓகஸ்டில் பிரபு லண்டன் போயிருந்தபோது பொறுப்பைப் பார்த்துக்கொள்ள இவர் கண்டிக்கு வந்தார். அவருக்கென்று கறுப்புக் கடிலாக் கார் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு ஜீப்பில் திரிந்தார். பதவிச் சின்னம் எதையும் குத்திக்கொள்ளாமல், கசங்கிய காக்கியோடு அலைவதில் பேர்போனவர். வாசலில் நின்ற காவல்காரனுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே விடுவதா, கொல்லைப்புறமாகப் போகச் சொல்வதா?

பழைய விமானிக் கோட்டில் அசல் எது நகல் எது என்று பிரிக்கிற வித்தையும் ஏறக்குறைய இவ்வளவுதான். அசல் ஸ்டில்வெல் மாதிரி இருக்கும், நகல் மவுண்ட்பேட்டன் மாதிரி மினுங்கும்.

அமெரிக்க விமானப்படையினரின் ‘ஏ-2’ தோல் கோட்டு 1931-இல் வந்தது. முதுகுப்புறம் ஒரே துண்டுத் தோல். ஒட்டுப்போட்டால் தையல் கூடும், தையல் கூடினால் பிரியும் இடமும் கூடும். காலர் நுனி காற்றில் படபடக்காமல் அடியில் மறைவாக அழுத்துப் பொத்தான். முன்னால் மூடி போட்ட இரண்டு பைகள். கையை நுழைத்துக் குளிர்காய்கிற பக்கவாட்டுப் பை கிடையவே கிடையாது. பட்டாளத்தான் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றால் மேலதிகாரிக்கு வயிறு எரியும். காலருக்குக் கீழே ஒரு லேபல். அதில் வரைபட எண் 30-1415, ஒப்பந்த எண், தைத்த கம்பனியின் பெயர், கடைசியில் இது அமெரிக்க இராணுவ விமானப்படையின் சொத்து என்ற எச்சரிக்கை. அரசாங்க நாற்காலியின் முதுகில் வெள்ளை பெயின்ற்றால் எழுதிவைப்பார்களே, அந்தக் குலம்.

நகல்காரனுக்கு இந்த வறட்சி பிடிக்காது. பக்கத்துக்கொரு பை வைப்பான். உள்துணியில் உலக வரைபடம் அச்சடிப்பான், விமானி வழி தவறினால் கோட்டைக் கழற்றி விரித்துப் பார்ப்பான் போலிருக்கிறது. முதுகை நாலு துண்டாக ஒட்டுவான். கழுகு, குண்டு, அரைகுறை உடுப்பில் ஒரு பெண் என்று எல்லாவற்றையும் பிறக்கும்போதே பச்சை குத்திவிடுவான். அசல்காரனும் படம் வரைந்துகொண்டான்தான், ஆனால் கோட்டு கைக்கு வந்த பிறகு.

இதில் இன்னொரு வேடிக்கை. 1943-இலேயே அமெரிக்க விமானப்படைத் தளபதி ஆர்னல்ட் தோல் கோட்டுக்குப் புது ஓடர் கொடுப்பதை நிறுத்தித் துணிக்கோட்டுக்கு மாறிவிட்டார். ஆக, பிரபு கண்டிக்கு வந்தபோது தோல் கோட்டே பழைய சரக்கு. அதோடு, உயரத்துக் குளிருக்கென்று செய்த அந்தச் சாமானுக்கு ஐந்நூறு மீற்றர் உயரக் கண்டியில் என்ன வேலை? எங்கள் ஆட்கள் அதைவிட மூன்று நான்கு மடங்கு உயரத்தில், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில், ஒரு கம்பளியோடு மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தார்கள். அந்தக் கம்பளிக்கு வரைபட எண்ணும் இல்லை, வாங்கிச் சேர்க்க ஆளும் இல்லை.

வேஷத்துக்காக உடுப்பு மாட்டுவது கண்டிக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூந்தோட்டத்துக்கு நேரே, ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவை. அங்கேதான் 1638 மார்ச் 28-இல் இரண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையைத் தளபதியோடு சேர்த்துத் துடைத்தெறிந்தான். அவர்களுடைய சட்டைகளுக்கு என்ன ஆயிற்று என்று எந்தச் சரித்திரக்காரனும் கவலைப்படவில்லை. ஆனால் அதே ராஜாவின் ஆட்சியில் பத்தொன்பது வருஷம் சிறைப்பட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட புத்தகத்தில், ராஜாவின் உடுப்பு இந்த நாட்டு மோஸ்தரும் இல்லை வேறெந்த நாட்டு மோஸ்தரும் இல்லை, அவரே கண்டுபிடித்தது என்கிறார். தலையில் பாதிரிமார் போடுகிற மாதிரி நாலு மூலைத் தொப்பி, மூன்றடுக்கு, முன்னால் ஒரு இறகு. இதற்கும் பிரபுவின் மூன்று படை உடுப்புக்கும் இடையில் ஓர் ஆறும் முந்நூறு வருஷமும்தான் தூரம்.

போன மாதம் ஒருநாள் அத்தை சீனி டின்னைத் திறந்த நேரம் பார்த்து மாமா நல்ல மனநிலையில் இருந்தார். கோட்டை வெளியே எடுக்கச் சொன்னேன்.

“குதிரைத் தோல்டா மருமகனே, மோந்து பாரு.”

மோந்தேன். பாச்சை உருண்டை மணந்தது. பக்கவாட்டில் இரண்டு பை. முதுகில் மூன்று துண்டு. உள்ளே, ஆபிரிக்காவிலிருந்து அவுஸ்திரேலியா வரை வரைபடம்; இலங்கை இருக்கவேண்டிய இடத்தில் தையல். நுவரெலியா பேல் பஜாரில் இதன் அண்ணன் தம்பிகள் வரிசையாகத் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஜிப்பை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அந்தக் காலத்து அமெரிக்கக் கோட்டென்றால் டாலன், கிரவுன், கொன்மார் என்று ஏதாவது பொறித்திருக்கும். இதில் தெளிவாக மூன்றெழுத்து: ‘வை.கே.கே.’

“மாமா, இது ஜப்பான் கம்பனி ஜிப்.”

“இருக்கட்டுமே.”

“தாத்தாவுக்குக் கோட்டுக் குடுத்தவன் ஜப்பான்காரனோட சண்டை போட வந்தவன் மாமா.”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் அவரிடம் மற்றதைச் சொல்லவில்லை: இன்றைக்கு அந்த அமெரிக்கக் கோட்டின் ஆகச் சிறந்த நகல்களைச் செய்கிறவர்களே ஜப்பான்காரர்கள்தான். பஸ் ரிக்ஸன்ஸ், ரியல் மெக்கோய்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, லேபலின் எழுத்து வடிவம், தையல் நூலின் பருமன் வரை எண்ணி எண்ணிச் செய்கிறார்கள். அவற்றின் விலையைச் சொன்னால் மாமாவுக்குச் சீனி ஏறும்.

கோட்டை வாங்கி, ஜிப்பை ஒருமுறை மேலே இழுத்து, கீழே இறக்கினார்.

“1945 செப்டம்பர்ல சிங்கப்பூர்ல ஜப்பான்காரன் யாருக்கிட்ட சரணடைஞ்சான்?”

“மவுண்ட்பேட்டன்கிட்ட.”

“வாள கழட்டிக் குடுக்கச் சொன்னாரா இல்லியா?”

“சொன்னார் மாமா.”

“அப்ப ஜிப்பையும் கழட்டச் சொல்லியிருப்பாரு” என்று கோட்டை அலுமாரியில் மாட்டிப் பூட்டினார்.